ஃபேக்டரியிலிருந்து சைபர் செக்யூரிட்டி சேல்ஸுக்கு: ஆஃபர் லெட்டரில் தெரியாத கணக்கு



பதினைந்து வருஷமா ஒரு தொழிற்சாலையில் ஆட்டோமேஷன் பிரிவில் இருக்கீங்கன்னு வச்சுக்குவோம். வருஷச் சம்பளம் 18 லட்சம். வீட்டுக் கடன் இன்னும் 12 வருஷம் பாக்கி. பொண்ணு பத்தாம் வகுப்பு. அப்போ ஒரு சைபர் செக்யூரிட்டி கம்பெனியிலிருந்து போன் வருது: "சேல்ஸ் வேலை சார், 30 லட்சம். ரெண்டு மூணு வருஷத்துல டீம் லீட் பண்ணலாம்."

போகலாமா? வாங்க, கணக்குப் போட்டே பார்த்துடலாம்.

உங்களை ஏன் கூப்பிடறாங்க?

2017 ஜூனில் நாட்பெட்யா தாக்குதல் வந்தப்போ, மெர்ஸ்க் குழுமம் நடத்தின மும்பை ஜே.என்.பி.டி. துறைமுக முனையத்துல வேலை முடங்கியது. 2019 மார்ச்சில் நார்வேயின் நார்ஸ்க் ஹைட்ரோ அலுமினிய ஆலைகள் பலவற்றில் கையால் இயக்கும் முறைக்குத் திரும்ப வேண்டியதாச்சு. அதாவது, பிரச்சினை ஆபீஸ் கம்ப்யூட்டரோட நிற்கல, மெஷின் வரைக்கும் வந்துடுச்சு. இந்தியாவுல 2022-ல் செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, இப்படி ஒரு சம்பவம் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாகணும்.

இதை விற்க வர்ற ஐ.டி. ஆள், "இன்னைக்கு ராத்திரியே பேட்ச் போட்டு ரீஸ்டார்ட் பண்ணிடலாம்"னு சொல்வார். பிளான்ட் ஹெட் சிரிப்பார். லைனை நிறுத்தினா என்ன நஷ்டம், பி.எல்.சி.யை ஏன் நினைச்ச நேரத்துல தொட முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும். அந்த அனுபவத்துக்குத்தான் விலை. கூடவே தொழிற்சாலைப் பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 62443 தரநிலையைப் படிச்சுட்டீங்கன்னா, பேச்சுக்கு எடை கூடும்.

30 லட்சம் என்பது 30 லட்சம் இல்லை

சேல்ஸ்ல சொல்ற தொகை பெரும்பாலும் ஓ.டி.இ. டார்கெட்டை நூறு சதவீதம் முடிச்சா வர்ற மொத்தம். 60:40 பிரிவுன்னா, 18 லட்சம் நிலையானது, 12 லட்சம் வேரியபிள். அதாவது, இன்னைக்கு வாங்கற அதே 18 லட்சம்தான் உறுதி.

வரியையும் பாருங்க. 2025-26 புதிய வரி முறையில், பி.எஃப். போன்றவற்றை ஒதுக்கிட்டு, 75,000 ரூபாய் நிலைக்கழிவு போக, அந்த 12 லட்சத்துக்கு மட்டும் செஸ் சேர்த்து சுமார் 3.25 லட்சம் வரி. கையில் நிற்கறது 8.75 லட்சம். பாதி வேரியபிள் மட்டும் கிடைச்சா, வரி போக சுமார் 4.6 லட்சம். பல கம்பெனிகள்ல டார்கெட்டுல ஒரு குறைந்தபட்ச அளவைத் தாண்டலைன்னா வேரியபிள் பூஜ்யம். பெரிய நிறுவனங்கள் இதை வாங்க முடிவெடுக்கவே ஆறு மாசம், ஒரு வருஷம் ஆகும். அதனால முதல் வருஷம் வேரியபிளை நம்பி எந்தச் செலவையும் ஒத்துக்காதீங்க.

தலைவர் பதவி வேற வேலை

முதல் படி பெரும்பாலும் ப்ரீ-சேல்ஸ் அல்லது அக்கவுன்ட் மேனேஜர். உங்க டார்கெட்டை ரெண்டு வருஷமாவது முடிச்சுக் காட்டின பிறகுதான் டீம்.

அங்கே கணக்கே மாறும். உதாரணமா, 5 பேர், ஆளுக்கு 2 கோடி, மொத்தம் 10 கோடி. உங்க டார்கெட் 8.5 கோடின்னு வச்சுக்குவோம். ரெண்டு பேர் திடீர்னு விலகினா மிச்சம் 6 கோடி. மூணு பேரும் முழுசா முடிச்சாலும் நீங்க 70 சதவீதம்தான். ஆக, உங்க வருமானம் இனி உங்க திறமையில மட்டும் இல்லை. சரியான ஆளை எடுக்கறது, வளர்க்கறது, தக்க வைக்கறது, எந்த டீல் உண்மையிலேயே முடியும்னு முன்கூட்டியே சொல்றது, இதிலெல்லாம் இருக்கு. ஷிப்ட் ஆட்களை நடத்தின அனுபவம் இங்கே கைகொடுக்கும். ஆனா தொடர்ந்து சில காலாண்டு இலக்கு தவறினா வேலையே ஆட்டம் காணும். இதை வீட்டுல முன்னாடியே பேசிடுங்க.

கையெழுத்துப் போடும் முன் கேளுங்க

1. முதல் ஆறு மாசத்துக்கு வேரியபிள் உத்தரவாதம் உண்டா? அது பின்னாடி பிடித்தம் செய்யப்படுமா?
2. போன வருஷம் டீம்ல எத்தனை பேர் டார்கெட்டை முடிச்சாங்க?
3. எனக்கு முன்னாடி இந்த இடத்துல இருந்தவர் ஏன் போனார்?
4. வேரியபிள் எப்போ வரும்: ஆர்டர் வந்ததுமா, கஸ்டமர் பணம் கட்டினதுமா?
5. ஜாயினிங் போனஸை எந்தச் சூழ்நிலையில் திருப்பிக் கொடுக்கணும்?

ரெண்டாவது கேள்விக்கு மழுப்பலா பதில் வந்தா, அதுவே ஒரு பதில்தான்.

வீட்டுக் கணக்கு

* இ.எம்.ஐ., ஸ்கூல் ஃபீஸ், மளிகை எல்லாம் நிலையான சம்பளத்துக்குள் அடங்கணும்.
* அவசர நிதி 6 மாசம் போதாது. 12 மாசச் செலவை எஃப்.டி. அல்லது லிக்விட் ஃபண்டில் வச்சுட்டு அப்புறம் ரிசைன் பண்ணுங்க.
* கம்பெனி இன்ஷூரன்ஸ் வேலையோட போயிடும். குடும்பத்துக்குத் தனி ஹெல்த் பாலிசி இப்பவே எடுங்க.
* பி.எஃப்.ஐ எடுக்காதீங்க, புது கம்பெனிக்கு மாத்துங்க. நிரந்தர ஊழியருக்குக் கிராஜுவிட்டி கிடைக்க 5 வருஷ சர்வீஸ் வேணும். அதுக்குச் சில மாசம்தான் பாக்கின்னா ஜாயினிங் தேதியைத் தள்ளிக் கேளுங்க.
* வேரியபிள் வந்ததும் பாதி வீட்டுக் கடன் அசலுக்கு, மீதி முதலீட்டுக்கு. கார் அப்புறம்.

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். வேரியபிள் ஒரு பைசா வராமலும் ஒரு வருஷம் குடும்பம் ஓடும்னா, தைரியமா போங்க. ஓடாதுன்னா, ஆஃபரை வேண்டாம்னு சொல்லத் தேவையில்லை; 70:30 பிரிவு கேளுங்க, இல்லைன்னா முதல்ல ப்ரீ-சேல்ஸ் கேளுங்க. அங்கே பெரும்பாலும் நிலையான சம்பளத்தோட பங்கு அதிகம்.

இன்னைக்கு ராத்திரி ஒரு பேப்பர்ல உங்க மாசச் செலவை எழுதி, 12-ஆல பெருக்குங்க. அந்தத் தொகை பேங்க்ல இருக்கா? ஆஃபர் லெட்டரைப் படிக்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.