சுற்றுலாக்காரர் கொடுக்கும் ரூபாய் யார் கைக்குப் போகிறது?



பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். என் தம்பி மகன் கையில் ஒரு ஃபைலோடு தோட்டத்துக்கு வந்தான். "பெரியப்பா, நீங்க பேங்குல இருந்தவுக. இதைப் படிச்சுப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான்.

கம்பம் பள்ளத்தாக்கில், மலையடிவாரத்தில் அவனுக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பு. வெளியூர்க் கம்பெனி ஒன்று அதை 15 வருஷக் குத்தகைக்குக் கேட்டிருக்கிறது. பன்னிரண்டு குடில்கள், ஒரு நீச்சல்குளம் கட்டுவார்களாம். ஃபைலின் மேலட்டையில் பச்சை எழுத்தில் 'சூழல் சுற்றுலா' என்று போட்டிருந்தது. அவனுக்கு டிராக்டர் கடன் ஒன்று, நகைக் கடன் ஒன்று நிற்கிறது. காய் இருக்கும்போது விலை இல்லை, விலை இருக்கும்போது காய் இல்லை. குத்தகைப் பணம் வந்தால் இரண்டு கடனும் தீர்ந்துவிடும். அவன் ஆசைப்படுவதில் தப்பே இல்லை.

போடு, போடாதே என்று உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு மாசம் டைம் கேட்டேன். அந்த ஒரு மாசத்தில் படித்ததும், நேரில் போய்ப் பார்த்து விசாரித்ததும்தான் இந்தக் கட்டுரை. மலையை ஒட்டி நிலம் வைத்திருக்கும் நம் நண்பர்கள் பலருடைய வீட்டுக்கும் இதுபோல ஒரு ஃபைல் வரத்தான் போகிறது.

காடும் நம் வயலும்

எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் குமுளி. அங்கிருந்து தேக்கடி பக்கம்தான். ஏரியில் படகு ஏற வருகிறவர்களுக்கு அது சுற்றுலாத் தலம். நமக்கோ அதுதான் தண்ணீர்ப் பானை. 1895-இல் அணை கட்டி முடித்ததால் உண்டான ஏரி அது. அங்கிருந்து குகைப்பாதை வழியாக வந்து, லோயர்கேம்ப்பில் மின்சாரம் கொடுத்துவிட்டு, முல்லையாற்றில் இறங்குகிற தண்ணீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. வைகை வழியாக ராமநாதபுரம் வரை அந்தத் தண்ணீரை நம்பித்தான் பிழைப்பு.

அணை விஷயத்தில் நம் உரிமை என்ன என்பது தனிக் கதை, அதை இங்கே பேசவில்லை. நான் சொல்ல வருவது அணைக்கு மேலே இருக்கும் காட்டைப் பற்றி. 1978-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அந்தக் காடு இன்று 925 சதுர கிலோமீட்டர். பெய்கிற மழையைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதும், ஏரிக்குள் வண்டல் சரியாமல் மண்ணைப் பிடித்து வைத்திருப்பதும் அந்தக் காடுதான். அதை யார் காப்பாற்றுகிறார்கள், அவர்களுக்கு என்ன கூலி கிடைக்கிறது என்று ஒரு நாளாவது நாம் கேட்டிருக்கிறோமா? நான் கேட்டதில்லை.

பட்டை உரித்தவர்கள் வழிகாட்டி ஆனார்கள்

தொண்ணூறுகள் வரை அந்தக் காட்டில் வயணை என்ற காட்டு லவங்க மரத்தின் பட்டையை உரித்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்கும் கூட்டம் இருந்தது. வேட்டை இருந்தது, சந்தனக் கடத்தல் இருந்தது, விறகு வெட்டும் இருந்தது. வனத்துறை வழக்குப் போடும். ஆள் ஜெயிலுக்குப் போவார். ஜாமீனில் வந்து வக்கீல் கடனை அடைக்க மறுபடியும் காட்டுக்குள் போவார்.

1996-இல் உலக வங்கி உதவியோடு சூழல் மேம்பாட்டுத் திட்டம் அங்கே தொடங்கியது. ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு சூழல் மேம்பாட்டுக் குழு அமைத்தார்கள். பட்டை உரித்தவர்களிடமும் பேச்சு நடந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் தொழிலை விட்டுவிட்டு ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். காட்டின் ஒவ்வொரு தடமும் அவர்களுக்குத் தெரியும். எந்த ஊற்றில் யானை வரும், எந்த வழியில் கடத்தல்காரன் வருவான் என்று அவர்களுக்குத் தெரியாததை எந்த அதிகாரியும் தெரிந்து வைத்திருக்க முடியாது. அந்த அறிவையே தொழிலாக்கினார்கள். சுற்றுலாக்காரர்களைக் கால்நடையாகக் கூட்டிப்போய்க் கூடாரத்தில் தங்கவைத்துத் திருப்பிக் கொண்டுவருவது அவர்கள் வேலை. கூடவே ரோந்தும் ஆகிவிடுகிறது. நம் எல்லைப் பக்கத்து ஊர்களிலிருந்து வேட்டைக்குப் போனவர்களுக்கும் 'விடியல்' என்ற பெயரில் ஒரு குழு உண்டானது.

ஒரு நடைக்குக் கூட்டிப்போவது விரல்விட்டு எண்ணும் அளவு ஆட்களைத்தான். அதற்குச் சரிசமமாக வழிகாட்டிகள், துப்பாக்கியோடு ஒரு வனக் காவலர். மூங்கில் தெப்பத்திலும் பத்துப் பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. கூட்டம் குறைவு, கட்டணம் அதிகம். வருமானத்தில் ஒரு பங்கு குழுவின் பொது நிதிக்குப் போகிறது. 2004-இல் பெரியாறு ஃபவுண்டேஷன் என்று ஒரு அமைப்பை ஏற்படுத்தி, திட்டப் பணம் நின்ற பிறகும் குழுக்கள் நடக்க வழி செய்தார்கள். மானியம் நின்றதும் படுத்துவிடும் திட்டங்களை என் சர்வீஸில் நிறையப் பார்த்திருக்கிறேன். இது படுக்காததற்குக் காரணம், வரும்படி வரும் வழியை முதலிலேயே கட்டி வைத்ததுதான்.

அந்தக் குடும்பத்துப் பெண்கள் 2002-இல் 'வசந்த சேனை' என்று ஒரு குழு சேர்ந்தார்கள். முறை வைத்து, தினமும் சில பேர், சம்பளம் வாங்காமல் காட்டைச் சுற்றி வருகிறார்கள். சம்பளம் இல்லாமல் ஏன் போகிறீர்கள் என்று யாரும் கேட்கலாம். காடு இருந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும் என்பது அவர்களுக்குக் கணக்குப் போட்டுத் தெரிந்துவிட்டது.

மிளகும் முன்பணமும்

இயற்கை உழவர்களான நமக்கு முக்கியமான பாடம் இதில்தான் இருக்கிறது.

குமுளிப் பக்கம் மன்னான், பளியர் குடியிருப்புகளில் மிளகுக் கொடிதான் சொத்து. ஆனால் மிளகு பறிக்கும் முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, தோட்டமே அடகில் கிடந்தது. விளைச்சல் வியாபாரிக்கு, பசி குடும்பத்துக்கு. கடனில் இருப்பவனிடம் போய் "காட்டை வெட்டாதே" என்றால் அவன் எப்படிக் கேட்பான்? அங்கே குழுக்கள் முதலில் கையில் எடுத்தது இந்தக் கடனைத்தான். தோட்டங்களை மீட்டு, மிளகைக் குழுவாகச் சேர்ந்து விற்கத் தொடங்கினார்கள். பக்கத்தில் வஞ்சிவயல் குடியிருப்பின் மிளகு இயற்கை வேளாண் சான்று பெற்று வெளிநாட்டுக்கே போனது.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்று இருந்தது. மலையோரக் கிளை ஒன்றில் நான் வேலை பார்த்த காலத்தில் மிளகு வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்திருக்கிறேன். அவர்களிடம் கடை இருந்தது, ஜாமீன் இருந்தது. மிளகு பறித்தவரிடம் பட்டா இல்லை, அவர் பேங்க் படியே ஏறவில்லை. நான் கொடுத்த பணம்தான் வியாபாரி கை மாறி, முன்பணம் என்ற பெயரில் அவர் வீட்டுக்குப் போயிருக்கும். விதிப்படி என் வேலையில் குறை இல்லை. வசூலும் நூற்றுக்கு நூறு. ஆனால் அந்த வசூல் யாருடைய கொடியிலிருந்து வந்தது என்று நான் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை.

குமரகம் சொல்லும் பாடம்

கோட்டயம் மாவட்டத்தில், வேம்பநாட்டு ஏரிக்கரையில் இருக்கிறது குமரகம். அங்கே பெரிய ஓட்டல்கள் வந்தன. ஊர்க்காரர்களுக்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. வயல் தரிசாகக் கிடக்க, ஓட்டலுக்குக் காய் வெளியூரிலிருந்து லாரியில் வந்து இறங்கியது. 2008 வாக்கில் கேரள அரசு 'பொறுப்புச் சுற்றுலா' என்று ஒரு முயற்சியை அங்கே தொடங்கியது. ஊராட்சி, குடும்பஸ்ரீ பெண்கள், ஓட்டல்காரர்கள் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, உள்ளூர்க் காய், கீரை, முட்டை, மீனை ஓட்டல்கள் வாங்குவது என்று முடிவானது. தரிசில் மறுபடியும் பயிர் ஏறியது.

எடுத்த எடுப்பில் அது சுமுகமாக நடக்கவில்லை. ஓட்டலுக்குத் தினமும் ஒரே அளவு காய் வேண்டும். தோட்டத்தில் ஒரு வாரம் கொட்டும், மறுவாரம் வறளும். அதனால் எந்தக் குழு எதை எப்போது நடுவது என்று அட்டவணை போட்டார்கள், விலைக்கும் தரத்துக்கும் கமிட்டி வைத்தார்கள், இடையில் ஒரு கொள்முதல் கடையையும் திறந்தார்கள். அந்த முயற்சிக்கு ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் 2013-ஆம் ஆண்டுக்கான யுலிசஸ் விருது கிடைத்தது. விருதை விட அந்த நடவு அட்டவணைதான் நமக்கு உபயோகம்.

எல்லாம் நன்றாகவா இருக்கிறது?

இல்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் செத்துப்போனார்கள். நம் ஊர்ப் பக்கம் அதை யாரும் மறக்கவில்லை. கூட்டம் சேர்ப்பதே குறியாக இருந்தால் காட்டுக்கும் கேடு, வந்தவர் உயிருக்கும் கேடு. குமுளிக் கடைத்தெருவில் லாட்ஜ்கள் நெருக்கியடித்து நிற்பதையும், அவற்றின் கழிவு எங்கே போகிறது என்பதையும் பார்த்தால் மனசு சங்கடப்படும். ஒரே ஊரில் நல்ல சுற்றுலாவும் இருக்கிறது, மோசமான சுற்றுலாவும் இருக்கிறது. பெயரை வைத்துப் பிரிக்க முடியாது, கேள்வி கேட்டால்தான் தெரியும்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

பேங்கில் கடன் மனு வந்தால் ஒரு சரிபார்ப்புத் தாள் வைத்திருப்போம். அதே மாதிரி ஒன்று தயாரித்துத் தம்பி மகன் ஃபைலை வைத்துப் பார்த்தேன்.

1. நிலம் எந்த நிலையில் திரும்பி வரும்? ஃபைலில் "உள்ளது உள்ளபடி" என்று இருந்தது. அப்படியென்றால் 15 வருஷம் கழித்துக் கான்கிரீட் அடித்தளத்தோடு வரும். அதை உடைத்து அள்ளும் செலவு அவனுக்கு. மண்ணை மறுபடி உயிர்ப்பிக்க எத்தனை வருஷம் ஆகும் என்று நமக்குத் தெரியும்.

2. தண்ணீர் எவ்வளவு? 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழக் குளம் ஒரு தடவை நிரம்ப 75,000 லிட்டர். சொட்டுநீரில் மரத்துக்கு நாளுக்கு 75 லிட்டர் என்று வைத்தால், அவன் தோப்பின் 250 மரங்களுக்கு நாலு நாள் தண்ணீர். குடில்களின் உபயோகம் தனி. ஆழ்துளைக் கிணறு எத்தனை போடலாம், கழிவு நீர் எங்கே போகும் என்று ஃபைலில் ஒரு வரி இல்லை. பக்கத்துத் தோட்டத்துக் கிணறும் சேர்ந்தல்லவா வற்றும்?

3. வேலை யாருக்கு, என்ன வேலை? "உள்ளூர் மக்களுக்கு முன்னுரிமை" என்று இருந்தது. எத்தனை பேர், என்ன சம்பளம், மழைக்காலத்தில் ஆள் வராதபோது என்ன என்பது இல்லை. தேக்கடியில் பட்டை உரித்தவர் வழிகாட்டி ஆனார். இங்கே நிலத்துக்காரன் வாட்ச்மேன் ஆகிவிடக் கூடாது.

4. சமையலுக்குக் காய் எங்கே வாங்குவார்கள்? போனில் கேட்டேன். அவர்களுடைய நகரத்துக் குடோனிலிருந்து வருமாம். கம்பம் பள்ளத்தாக்குக்கு வெளியூர்க் காய்!

5. எத்தனை பேர் வரலாம், இரவு எதுவரை விளக்கும் பாட்டும் என்று முடிவு செய்வது யார்? மலையடிவாரத்தில் யானை நடக்கும் வழி இருக்கிறது. மேலே மேகமலைக் காடு. ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்த்து அதுவும் 2021-இலிருந்து புலிகள் காப்பகம். யானை வழி மறித்தால் அது வாழைத் தோட்டத்துக்குள் வரும். குடிலில் தங்கியவர் செல்ஃபி எடுத்துவிட்டுப் போய்விடுவார். பயிரை இழப்பது நாம்.

ஐந்துக்கும் எழுத்தில் பதில் வந்தால் அது நம்மோடு சேர்ந்து நடக்கிற சுற்றுலா. வராவிட்டால், நம் நிலத்தின் மேல் நடக்கிற வியாபாரம்.

கடைசியில் என்ன ஆச்சு?

ஐந்து கேள்விகளையும் கடிதமாக எழுதித் தம்பி மகன் கையெழுத்தில் கம்பெனிக்கு அனுப்பினோம். "பேசிக்கலாம் சார்" என்று போன் வந்தது. எழுத்தில் பதில் இன்னும் வரவில்லை. அவன் கையெழுத்தும் போடவில்லை.

அதனால் அவன் கடன் தீர்ந்துவிடவில்லை. அதை மறைக்க மாட்டேன். டிராக்டர் கடனுக்குத் தவணையை மாற்றிக் கேட்டு, அவனோடு நானும் பேங்க் போய் உட்கார்ந்தேன். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்வது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தவணை மாறியது, மூச்சுவிடக் கொஞ்சம் இடம் கிடைத்தது.

இன்னொரு வேலையும் செய்தோம். ஆறு குடும்பம் சேர்ந்து குமுளியில் இரண்டு தங்கும் விடுதிகளுக்கு விஷமில்லாத காய் கொடுக்கப் பேசினோம். ஒருவர் முடியாது என்றார். இன்னொருவர் வாரம் இரண்டு நாள் கொண்டுவரச் சொன்னார். முதல் வாரம் வெண்டை மிஞ்சியது, கீரை பத்தவில்லை. விடுதிக்காரர் முகம் சுளித்தார். குமரகத்து அட்டவணை ஞாபகம் வந்தது. இப்போது யார் எந்தத் தேதியில் எதை விதைப்பது என்று என் பழைய டைரியில் கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறோம். தம்பி மகனுக்குத் தென்னைக்கு ஊடே மஞ்சளும் கீரையும். வருமானம் பெரிசில்லை, ஆனால் வாரா வாரம் வருகிறது.

உங்கள் ஊருக்கு இப்படி ஒரு ஃபைல் வந்தால் விரட்டவும் வேண்டாம், தனியாகக் கையெழுத்தும் போட வேண்டாம். கிராம சபையில் வைத்துச் சத்தமாகப் படியுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரையும், ஆடு மேய்க்க மலையேறுகிறவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, இந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள். உங்கள் ஊருக்கு ஆறாவதாக ஒரு கேள்வி இருக்கும். அதை எழுதி இதழுக்கு அனுப்புங்கள், மற்றவர்களுக்கும் உதவும்.