சிங்கப்பூருக்கு நாலு நாள்: அந்தியூர் அக்காவின் டிப்ஸ்

அம்மிணி, முதல் வேலையாக அந்த டிராவல்ஸ்காரர் கொடுத்த நோட்டீஸை மடித்து ஓரமாக வை. ஐந்து நாளில் சிங்கப்பூர், மலேசியா இரண்டையும் காட்டுவதாகப் போட்டிருப்பது பொய்யில்லை. காட்டத்தான் செய்வார்கள், பஸ் ஜன்னல் வழியாக. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் சுமார் 350 கிலோமீட்டர். நடுவில் இரண்டு நாட்டுக் குடியேற்றச் சோதனை. இரண்டு இடத்திலும் இறங்கி, வரிசையில் நின்று, மறுபடி ஏற வேண்டும். அத்தைக்கு முழங்கால் வலி, குட்டிக்கு நாலு வயசு. இருக்கிற நாலு நாளுக்கு ஒரே ஊர், ஒரே ஹோட்டல் போதும். பத்துமலை முருகன் எங்கேயும் போய்விட மாட்டார். இன்னொரு வருஷம் திருச்சியில் ஏறி நேராகக் கோலாலம்பூரில் இறங்கிக் கும்பிட்டுக்கொள்ளலாம்.

சிங்கப்பூர் என்று முடிவு செய்தது நல்லது. கோயமுத்தூரிலிருந்தே நேர் விமானம் இருக்கிறது, நாலரை மணி நேரம்தான். கோபி, அவிநாசி வழியாகப் போனால் விமான நிலையம் ஊருக்குள் நுழையும் முன்பே வந்துவிடும். கட்டுச்சோற்றைக் காரிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். டிக்கெட் போடும்போதே அத்தைக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று விமானக் கம்பெனியிடம் சொல்லிவிடு. "நான் என்ன நொண்டியா?" என்று அவர் கோபித்துக்கொள்வார். சாங்கி விமான நிலையத்தில் இறங்கி நடக்க ஆரம்பித்ததும் கோபம் தீர்ந்துவிடும்.

இந்தியர்களுக்கு விசா கட்டாயம். சிங்கப்பூர்த் தூதரகம் அங்கீகரித்த ஏஜென்ட் வழியாக எடுக்கலாம். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். அதற்கு மேல் ஏஜென்ட் கூலி எவ்வளவு என்று முன்னாலேயே கேட்டுக்கொள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். மாப்பிள்ளைக்கு ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி இனிஷியல் இருக்குமே, டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் பெயர் இருக்க வேண்டும். போய் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடியேற்றத் துறையின் தளத்தில் அது இலவசம். அதற்கே காசு கேட்கும் போலித் தளங்கள் தேடினால் முதலில் வந்து நிற்கும், ஏமாந்துவிடாதே.

இனி பெட்டி. இதைத்தான் நான் நிறுத்திச் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூர் போகிறீர்கள் என்று வீதியில் தெரிந்த மறுநாளே யாராவது ஒரு பொட்டலத்தோடு வருவார்கள். "எம் பையன் அங்கதான் வேலை செய்யறான், இந்தப் பொடிய மட்டும் குடுத்துரு கண்ணு" என்பார்கள். நம் ஊரில் இல்லையென்று சொல்லி வழக்கமில்லை. இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். 15 கிராமுக்கு மேல் ஹெராயின், 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் தூக்குத் தண்டனை விதிக்கும் நாடு அது. உன் பெட்டியில் இருப்பது உன்னுடையதுதான் என்றே சட்டம் தொடங்கும். எனக்குத் தெரியாது என்பதை நீதான் நிரூபிக்க வேண்டும். சொந்தக்காரர் கொடுத்தாலும் பிரித்துப் பார்த்து, என்னவென்று புரிந்தால் மட்டும் வாங்கு. ஒட்டித் தைத்து வந்த பொட்டலம் சித்தப்பா வீட்டிலிருந்து வந்தாலும் வேண்டாம். பழியை வேண்டுமானால் என் மேல் போடு, "அக்கா விடமாட்டேங்கறா" என்று சொல்லிவிடு.

கசகசாவும் அதே கதைதான். நமக்கு அது குருமாச் சாமான். அவர்களுக்கு அபினிச் செடியின் விதை, தடை செய்யப்பட்ட பொருள். வீட்டில் அரைத்த கறிமசால் பொடியில் கசகசா சேர்த்திருந்தால் அதையும் எடுக்காதே. ஆட்டுக்கறித் தொக்கு, கோழி ஊறுகாய் என்று இறைச்சி எதுவும் இங்கிருந்து கொண்டுபோகக் கூடாது. அத்தை அந்தியூர் வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர், நாலு நாள் அதை மறந்தாக வேண்டும்: மெல்லும் புகையிலைக்குத் தடை, துப்பினால் அபராதம். சூயிங் கம் இறக்குமதிக்கு 1992 முதலே தடை. மாப்பிள்ளை சிகரெட் பாக்கெட் வைத்திருந்தால் ஒன்றானாலும் சுங்கத்தில் காட்டி வரி கட்ட வேண்டும். இ-சிகரெட் இருந்தால் இங்கேயே தூக்கி எறியச் சொல். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வை. மூணு பின் பிளக் அடாப்டர் ஒன்று, ஆளுக்கொரு குடை. அங்கே மழைக்குக் காலமெல்லாம் கிடையாது.

வங்கிக்குப் போன் போட்டு கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிடச் சொல். நம் ஊர் சிம்மில் ரோமிங் இருக்கிறதா பார். அது இல்லாவிட்டால் ஓடிபி வராது, ஓடிபி வராவிட்டால் பல இடத்தில் கார்டு வெறும் பிளாஸ்டிக். கொஞ்சம் டாலரை இங்கேயே மாற்றிக்கொண்டு போ.

இரவில் ஏறினால் விடிகாலையில் இறங்குவாய். அவர்கள் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி. அங்கே காலை ஆறு என்றால் உன் உடம்புக்கு மூன்றரை. ஹோட்டல் அறையோ மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டியை மட்டும் வரவேற்பில் வைத்துவிட்டு வெளியே வந்துவிடலாம், அதற்குக் காசில்லை. முதல் நாளுக்கு டிக்கெட் வாங்கிய இடம் எதையும் வைத்துக்கொள்ளாதே. தூங்கி வழிந்துகொண்டு பார்க்க அவ்வளவு பணம் கொடுக்க வேண்டுமா?

தங்க லிட்டில் இந்தியா பக்கமே பார். சாங்கியில் எம்ஆர்டி ரயிலில் ஏறி, அடுத்த ஸ்டேஷன் எக்ஸ்போவில் டவுன்டவுன் லைனுக்கு மாறினால் நேராக லிட்டில் இந்தியா ஸ்டேஷன். நம் வங்கியின் டச் கார்டையே கதவில் தட்டிப் போகலாம். ஆனால் ஒரு கார்டில் ஒருவர்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் அதே கார்டைத் தட்ட வேண்டும். வெளிநாட்டுக் கார்டுக்கு நாளுக்குக் கொஞ்சம் கட்டணம் பிடிப்பார்கள், அத்தைக்கு மட்டும் ஸ்டேஷனில் ஈஸி-லிங்க் பயணக் கார்டு வாங்கிக் கொடு. குட்டி 90 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் இலவசம். ரயிலுக்குள் சாப்பாடு, தண்ணீர் எதுவும் வாயில் வைக்கக் கூடாது, குழந்தைக்கு பிஸ்கட் கொடுப்பது உட்பட.

சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மன் கோயில், சீனிவாசப் பெருமாள் கோயில், தேக்கா சந்தை எல்லாம் நடந்தே பார்க்கலாம். இட்லி, சாப்பாட்டுக்குப் பயமில்லை: ஆனந்த பவன் 1924லிருந்தும், கோமள விலாஸ் 1947லிருந்தும் நடக்கின்றன. அதற்காக மூன்று வேளையும் அங்கேயே உட்காராதே, ஹாக்கர் சென்டர் என்ற பொது உணவு நிலையத்துக்கும் போ. சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துவைக்க வேண்டும். மேசை மேல் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், பாட்டிலில் பிடித்துக்கொள். ஞாயிறு சாயங்காலம் லிட்டில் இந்தியா நம் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா மாதிரி இருக்கும். வாரமெல்லாம் வேலை செய்த பையன்கள் கூடும் நேரம் அது. பக்கத்து வீட்டுப் பையனைப் பார்க்க நல்ல நாள், குழந்தையோடு கடை கண்ணிக்குப் போக நல்ல நாளில்லை.

ஒரு காலை முழுவதையும் சவுத் பிரிட்ஜ் ரோட்டுக்குக் கொடு. 1827ல் நாராயண பிள்ளை தொடங்கிய மாரியம்மன் கோயில் அங்கே, சைனாடவுன் நடுவில் இருக்கிறது. பக்கத்திலேயே சோழியா முஸ்லிம்கள் கட்டிய ஜாமே பள்ளிவாசல். சற்றுத் தள்ளி புத்தர் பல் கோயில். ஒரே வீதியில் இத்தனையும் பார்த்துவிட்டு, எதிரே மேக்ஸ்வெல் உணவு நிலையத்தில் உட்காரலாம். மதியம் அறைக்குத் திரும்பித் தூங்குங்கள். இரவு ஏழே முக்காலுக்கும் எட்டே முக்காலுக்கும் கார்டன்ஸ் பை த பேயில் ராட்சச செயற்கை மரங்கள் இசையோடு மின்னும், இலவசம். மரீனா பேயில் தண்ணீர்மேல் காட்டும் ஒளிக்காட்சியும் இலவசம். பொட்டானிக் கார்டனும் அப்படியே. என்னைக் கேட்டால் காசு கொடுத்துப் பார்ப்பதற்கு மண்டாய் மிருகக்காட்சிசாலை ஒன்று போதும். யுனிவர்சல் ஸ்டூடியோஸ் குட்டிக்கு உயரம் பத்தாது, அத்தைக்குக் கால் பத்தாது.

முஸ்தபா கடையில் நுழைந்தால் நேரம் போவது தெரியாது, கடைசி இரவுக்கு வைத்துக்கொள். நகைக்கடைப் பக்கம் மட்டும் கணக்குப் பார்த்து நட. 40 கிராம் வரை வரியில்லாமல் கொண்டு வரலாமென்று பெரியம்மா சொல்வாரே, அது ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் பெண்களுக்கு. நாலு நாள் போனவர்களுக்கு இல்லை. கழுத்தில் போட்டுப்போகும் நகைக்குக்கூட, பெரிதாக இருந்தால், போகும்போதே கோயமுத்தூர் சுங்கத்தில் காட்டிச் சான்று வாங்கிக்கொள். தாலிக்கொடியும் கம்மலும் போதும் என்றால் அந்த வேலையும் இல்லை. ஆரத்தை அம்மா வீட்டு பீரோவில் வைத்துவிட்டுப் போ.