சேர்த்ததைச் செலவிடவும் கற்போம்

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி நண்பர்கள் கேட்டுக் கொண்டனர். நான் சமயச் சொற்பொழிவாளன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். வயது எண்பதைக் கடந்துவிட்டது. எனவே எனக்குத் தெரிந்த கணக்கையே பாடமாக எழுதுகிறேன். இந்தப் பாடத்தை எனக்குப் புகட்டியவர் என் அக்கா. அதை நான் புரிந்து கொண்டதோ அவர் மறைந்த பிறகுதான்.

அக்கா சிங்கப்பூரில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை பார்த்தவர். 1988இல், 55 வயதில், வேலையிலிருந்து நின்றார். அத்தான் அதற்கு முன்பே காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. பெரிய வீட்டை விற்றுவிட்டுச் சிறிய வீட்டுக்கு மாறினார். சந்தை மூடும் நேரத்தில் போய் மலிவாகக் காய்கறி வாங்குவார். நாலு நிறுத்தம் தூரமானாலும் பேருந்து ஏறமாட்டார். "அக்காவைப் பார்த்துச் சிக்கனம் கற்றுக் கொள்ளுங்கள்" என்று என் பிள்ளைகளிடம் நான் பெருமையாகச் சொல்வதுண்டு.

2011இல் அவர் காலமானபோது வயது 78. காரியங்கள் முடிந்தபின் அலமாரியைத் திறந்தோம். வங்கிப் புத்தகத்தில் 96,000 வெள்ளி இருந்தது. அதனுள்ளே காது கேட்கும் கருவிக்கு மருத்துவர் எழுதித் தந்த சீட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. அது ஆறு ஆண்டுகளுக்கு முந்தியது. கோவில் சொற்பொழிவுகளில் அக்கா எப்போதும் முன் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக் கொண்டிருப்பார். அவருக்குப் பாதிச் சொற்கள் காதில் விழவில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். கணக்கு எழுதிப் பிழைத்த தம்பி நான், ஒரு நாளாவது அவருடன் உட்கார்ந்து, "அக்கா, உங்களிடம் எவ்வளவு இருக்கிறது? எதற்குப் பயப்படுகிறீர்கள்?" என்று கேட்டதில்லை.

அந்த உறுத்தலே என்னை நூலகத்துக்கு அனுப்பியது. முதியோரின் சேமிப்பு, செலவு ஆகியவற்றைப் பற்றிப் பொருளியல் அறிஞர்கள் என்ன கண்டறிந்துள்ளனர் என்று படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றுள் நமக்குப் பயன்படக் கூடியவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

முதற்பாடம்: வாழ்க்கை முழுவதற்கும் ஒரே கணக்கு

1954இல் பிராங்கோ மோடிக்லியானி, ரிச்சர்டு பிரம்பர்க் என்னும் இருவர் ஒரு கருத்தை வெளியிட்டனர். மனிதன் அந்தந்த மாத வருமானத்தை மட்டும் பார்த்துச் செலவிடுவதில்லை. தன் ஆயுள் முழுவதற்கும் சேர்த்தே திட்டமிடுகிறான் என்பது அதன் சாரம். சம்பாதிக்கும் காலத்தில் சேமிப்பு மலைபோல் உயரும். ஓய்வுக்குப் பிறகு மெல்ல மெல்ல இறங்கும். இளமையிலும் முதுமையிலும் வாழ்க்கைத் தரம் ஏறத்தாழ ஒரே சீராக இருக்கும். மோடிக்லியானிக்கு 1985இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இதன்படி பார்த்தால், அக்கா ஓய்வு பெற்ற பின் சேமிப்பை எடுத்துச் சிறிது சிறிதாகச் செலவிட்டிருக்க வேண்டும். அவரோ ஓய்வுக்குப் பிறகும் சேர்த்துக் கொண்டே இருந்தார். உலகில் அவரைப் போன்றோர் ஏராளம் என்பது பின்னர் தெரிய வந்தது.

இரண்டாம் பாடம்: செலவு குறைந்தால் துன்பம் என்று பொருளா?

1998இல் பிரிட்டனில் ஜேம்ஸ் பேங்ஸ், ரிச்சர்டு புளூண்டல், சாரா டேனர் ஆகிய மூவர் குடும்பச் செலவுக் கணக்குகளை ஆராய்ந்தனர். வேலையிலிருந்து ஓய்வு பெறும் தருணத்தில் குடும்பச் செலவு, கோட்பாடு எதிர்பார்ப்பதைவிட அதிகமாகக் குறைந்தது. அமெரிக்காவிலும் 2001இல் இத்தகைய சரிவு எடுத்துக் காட்டப்பட்டது. சேமிப்புக் குறைவாக உள்ளவர்களிடம் சரிவு பெரிதாக இருந்தது. மக்கள் போதுமான அளவு சேர்க்காமல், ஓய்வு பெற்ற பிறகே விழித்துக் கொள்கிறார்களோ என்ற கவலை பிறந்தது.

2005இல் மார்க் அகியார், எரிக் ஹர்ஸ்ட் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் வேறொரு கேள்வி கேட்டனர். உணவுக்குச் செலவிடும் பணம் குறைகிறது, சரி. தட்டில் விழும் சோறு குறைகிறதா? மக்கள் அன்றாடம் உண்டவற்றின் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். ஓய்வு பெற்றவர்களின் உணவுச் செலவு சுமார் 17 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் கடைக்குப் போவதற்கும் சமைப்பதற்கும் அவர்கள் செலவிட்ட நேரம் சுமார் 53 விழுக்காடு கூடியிருந்தது. உண்ட உணவின் அளவும் தரமும் குறையவில்லை.

இது நம் வீட்டில் நாம் காண்பதுதான். வேலைக்குப் போகும்போது உணவங்காடியில் வாங்கிச் சாப்பிடுகிறோம். ஓய்வு பெற்ற பின் தேக்கா சந்தையில் விலை விசாரித்து மீன் வாங்கி, வீட்டில் குழம்பு வைக்கிறோம். காசு குறைகிறது, குழம்பின் ருசி குறைவதில்லை. ஆகவே அக்கா காய்கறியை மலிவாக வாங்கியதில் தவறே இல்லை. கையில் காசு இருந்தும் காது கேட்கும் கருவியை வாங்காமல் விட்டாரே, அதுதான் இழப்பு. சிக்கனத்துக்கும் தன்னை வருத்திக் கொள்வதற்கும் உள்ள வேறுபாடு இது. என் கண்ணுக்கு அன்று இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

மூன்றாம் பாடம்: நினையாத ஓய்வு

எல்லாருக்கும் இப்படி நல்லபடியாக அமைவதில்லை. தாமாகத் திட்டமிட்டு ஓய்வு பெற்றவர்கள் பெரும்பாலும் சமாளித்துக் கொள்கிறார்கள். உடல்நலம் கெட்டு, எண்ணியதற்கு முன்பே வேலையை விட நேர்ந்தவர்களின் வாழ்க்கைத் தரமே உண்மையில் வீழ்கிறது என்று இத்துறை ஆய்வுகளைத் தொகுத்து ஹர்ஸ்ட் 2008இல் எழுதினார். "அறுபத்தைந்து வரை உழைப்பேன்" என்று நாம் போடும் கணக்கு நம் கையில் மட்டும் இல்லை. இளையவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உழைக்கும் காலம் ஐந்தாறு ஆண்டு குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுவதே பாதுகாப்பு.

நான்காம் பாடம்: ஏன் கை நடுங்குகிறது?

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1992 முதல் ஐம்பது வயதைக் கடந்தவர்களை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சந்தித்து, அவர்களின் உடல்நலம், வருமானம், சொத்து ஆகியவற்றைப் பதிவு செய்து வருகிறது. நம் சிங்கப்பூரிலும் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் 2015இல் மாதந்தோறும் விவரம் கேட்கும் ஓர் ஆய்வைத் தொடங்கியது.

மிச்சிகன் திரட்டிய விவரங்களைக் கொண்டு மரியாக்ரிஸ்டினா டி நார்டியும் அவருடைய இரு துணைவர்களும் 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். எழுபது வயதைக் கடந்து தனித்து வாழ்வோர் ஏன் பணத்தைச் செலவிடாமல் வைத்திருக்கின்றனர் என்பதே அவர்களின் கேள்வி. வயது ஏற ஏற, கையிலிருந்து கட்ட வேண்டிய மருத்துவச் செலவு வேகமாக ஏறுகிறது. எத்தனை வயது வரை வாழ்வோம் என்பதும் தெரியவில்லை. இவ்விரு அச்சங்களே முக்கியக் காரணம் என்று கண்டனர். வீட்டையும் பெரும்பாலோர் தொடுவதில்லை. துணைவர் இறந்தாலோ பராமரிப்பு இல்லத்துக்குப் போக நேர்ந்தாலோதான் அது விற்பனைக்கு வருகிறது என்று வேறோர் ஆய்வு 2011இல் கூறியது.

இதைப் படித்தபோது அக்கா கஞ்சர் அல்லர் என்று உணர்ந்தேன். அவர் பயந்தார். யாருக்கும் பாரமாகிவிடக் கூடாதே என்று பயந்தார். பிள்ளையில்லாத கைம்பெண்ணுக்கு அந்தப் பயம் இயல்பானதே. ஆனால் பயத்துக்கும் ஓர் அளவு போட்டுப் பார்க்கலாம். அவர் தம் கடைசிப் பத்து ஆண்டுகளில் மாதம் 200 வெள்ளி கூடுதலாகச் செலவிட்டிருந்தால் மொத்தம் 24,000 வெள்ளி ஆகியிருக்கும். அப்போதும் 72,000 வெள்ளி எஞ்சியிருக்கும். காது கேட்டிருக்கும், இராமேசுவரம் போய்வர வேண்டும் என்ற ஆசையும் நிறைவேறியிருக்கும்.

ஐந்தாம் பாடம்: நீண்ட ஆயுளுக்கும் ஒரு சகாய நிதி

96,000 வெள்ளியை 20 ஆண்டுகளுக்குப் பங்கிட்டால், வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தால், மாதம் 400 வெள்ளி. 30 ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் மாதம் 266 வெள்ளிதான். எந்த எண்ணைக் கொண்டு வாழ்வது? ஆயுள் தெரியாதவரை தனி ஒருவரால் இதற்கு விடை காண முடியாது.

பலர் சேர்ந்தால் முடியும். 1965இல் மெனாஹெம் யாரி என்னும் அறிஞர் இதைக் கணித முறையில் நிறுவினார். பலரும் தம் பணத்தை ஒரே நிதியில் சேர்த்து, உயிரோடு இருக்கும்வரை மாதந்தோறும் பெற்றுக் கொள்வது. முன்னதாக மறைந்தவர் விட்டுச் செல்வது நீண்ட நாள் வாழ்பவருக்கு உதவுவது. நம் முன்னோர் இந்நாட்டில் மரண சகாய நிதிச் சங்கங்கள் நடத்தினார்கள் அல்லவா? அது இறப்புச் செலவுக்குக் கூடிப் போட்ட பணம். இது நீண்ட வாழ்வின் செலவுக்குக் கூடிப் போடும் பணம்.

1955இல் தொடங்கிய மத்திய சேமநிதி முதலில் 55 வயதில் மொத்தப் பணத்தையும் கையில் கொடுத்தது. 1987இல் குறைந்தபட்சத் தொகை ஒன்றை விட்டு வைக்கும் முறை வந்தது. 2009இல் 'சி.பி.எப். லைப்' என்னும் வாழ்நாள் வருமானத் திட்டம் வந்தது. 65 வயதில் மாத வருமானத்தைத் தொடங்கலாம். 70 வரை தள்ளிப் போட்டால், தள்ளும் ஒவ்வோர் ஆண்டுக்கும் அது 7 விழுக்காடு வரை கூடும். "என் காசை ஏன் பிடித்து வைக்கிறார்கள்?" என்று நம்மவர் சலித்துக் கொள்வதை நானும் கேட்டிருக்கிறேன், நானும் சலித்துக் கொண்டிருக்கிறேன். ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 55 வயதில் சேமநிதிப் பணத்தை எடுத்த சிங்கப்பூரர்களின் வங்கிக் கணக்குகளைச் சுமித் அகர்வால், ஜெசிகா பான், வென்லான் சியன் ஆகியோர் ஆராய்ந்தனர். எடுத்த பணத்தில் பெரும்பகுதி குறைந்த வட்டி தரும் வங்கிக் கணக்கிலேயே தங்கியிருந்தது. 2025இல் சேமநிதியின் ஓய்வுக்காலக் கணக்குக்கு ஆண்டுக்கு 4 விழுக்காடு அடிப்படை வட்டி கிடைத்தது. உடனடித் தேவை இல்லாதவர்கள் எடுக்குமுன் ஒருமுறை யோசிப்பது நல்லது.

மருத்துவ அச்சத்துக்கும் ஓரளவு அணை போடப்பட்டுள்ளது. 2015இல் அனைவருக்குமான மெடிஷீல்டு லைப் காப்புறுதியும், 2020இல் கடும் உடற்குறையுற்றோருக்கு மாதந்தோறும் பணம் தரும் கேர்ஷீல்டு லைப் திட்டமும் வந்தன. என் அக்கா காலத்தில் இவ்விரண்டும் இல்லை.

வீட்டுப்பாடம்

ஒரு தாளை எடுத்து நான்கு பத்தியாகக் கோடு போடுங்கள்.

1. உயிருள்ளவரை மாதந்தோறும் வரும் பணம்.
2. ஒவ்வொரு மாதமும் தவிர்க்க முடியாத செலவு: சோறு, மின்சாரம், தண்ணீர், மருந்து.
3. மருத்துவத்துக்கென ஒதுக்கித் தொடாமல் வைக்கும் தொகை, உங்களுக்குள்ள காப்புறுதிகள்.
4. எஞ்சுவது. இதில் இந்த ஆண்டே செய்ய வேண்டிய ஒன்றை எழுதுங்கள்: கண் கண்ணாடி, பல் செட்டு, ஒரு யாத்திரை, பேரப்பிள்ளைக்கு ஒரு புத்தகம், கோவிலில் ஒரு நாள் அன்னதானம்.

முதல் பத்தி இரண்டாம் பத்திக்குப் போதுமானால் பாதிப் பயம் அகன்றுவிடும். போதாவிட்டால் மறைக்காமல் பிள்ளைகளிடமோ சமூக சேவை அலுவலகத்திலோ சொல்லுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

வருவாய்க்குள் செலவை அடக்குவதைத் திருவள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் கூறினார். அவரே 'நன்றியில் செல்வம்' என்று இன்னோர் அதிகாரமும் வைத்து, தனக்கும் பிறருக்கும் பயன்படாத பொருளைக் குறித்துப் பத்துக் குறள் பாடினார். முதலாவதை நம் சமூகம் நன்றாகப் படித்துவிட்டது. இரண்டாவதையும் படிக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு இது என் வேண்டுகோள். இளையவர்களுக்கும் ஒன்று உண்டு. அடுத்த முறை உங்கள் அம்மாவையோ அத்தையையோ பெரியம்மாவையோ பார்க்கப் போகும்போது, அவர்களின் சிக்கனத்தைப் பாராட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். அருகில் உட்கார்ந்து, "எதற்குப் பயப்படுகிறீர்கள்?" என்று கேளுங்கள். கொஞ்சம் உரக்கவே கேளுங்கள்; காது கேட்காமலும் இருக்கலாம்.