இங்கிலீஷில் எழுதுகிறீர்களா? செலவில்லாத சில குறிப்புகள்

கட்டுரையோ, மொழிபெயர்த்த கதையோ இங்கிலீஷில் எழுதி அனுப்பும் தோழிகளே, இலக்கணப் பிழைக்காகக் கோச்சிங் கிளாஸுக்குப் பணம் கட்டவேண்டாம். நம் தமிழ்ப் பழக்கம் கொண்டுவந்து போடும் நாலைந்து பிழைகளைப் பிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

1. எழுதிய சூட்டோடு அனுப்பாதீர்கள். தோசை மாவு மாதிரி ஒரு ராத்திரி விட்டுவிட்டு, காலையில் வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குத் தப்பிய பிழை நாக்கில் இடறும்.

2. தமிழில் 'எ', 'ஆன்', 'தி' கிடையாது. அதனால்தான் நாம் எழுதும்போது அவை விழுந்துபோகின்றன. கடைசியாக ஒருமுறை பெயர்ச்சொற்களை மட்டும் பென்சிலால் கோடிட்டு, முன்னால் ஏதாவது வேண்டுமா என்று பாருங்கள். 'ஆன்' போட எழுத்தைப் பார்க்காமல் ஓசையைக் கேளுங்கள்: 'ஆன் ஹவர்', ஆனால் 'எ யுனிவர்சிட்டி'.

3. 'டிஸ்கஸ் அபவுட்', 'ரிட்டர்ன் பேக்', 'ரிப்பீட் அகெய்ன்' எல்லாம் முருங்கைக்காய் நார் மாதிரி. பின்னால் தொங்குவதை உரித்துப் போடுங்கள். 'அதைப் பற்றிப் பேசினோம்' என்று சொல்லிப் பழகிய வாய்தான் அந்த 'அபவுட்'டை இழுத்து வருகிறது.

4. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று எழுதிவிட்டுப் பிறகு விழிக்கிறோம். 'என் தோழிகளில் ஒருத்தி வந்தாள்' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'கள்' தானாக வருகிறது, வினை ஒருமையில் நிற்கிறது. அதே கணக்குதான் அங்கேயும்; 'ஃப்ரெண்ட்ஸ்' என்று பன்மை, பின்னாலேயே 'இஸ்'.

5. கமாவை அலட்சியப்படுத்தாதீர்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலச் சட்டத்தில், ஓவர்டைம் தரவேண்டாத வேலைகளின் பட்டியல் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று முடிந்தது. அந்த 'ஆர்' என்பதற்கு முன்னால் கமா இல்லை. பேக் செய்வது ஒரு வேலை, விநியோகம் இன்னொரு வேலையா, அல்லது ஷிப்மென்ட், விநியோகம் இரண்டுக்குமாகப் பேக் செய்வது என்ற ஒரே வேலையா? ஒரு பால் நிறுவனத்தின் லாரி டிரைவர்கள், 'நாங்கள் பேக் செய்வதில்லையே, ஓவர்டைம் கொடுங்கள்' என்று கோர்ட்டுக்குப் போனார்கள். 2017-இல் அப்பீல் கோர்ட் அவர்கள் பக்கம் நின்றது. மறுவருடம் நிறுவனம் 50 லட்சம் டாலருக்கு சமரசம் செய்துகொண்டது. பட்டியல் எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த லாரிதான் நினைவுக்கு வரும்.

6. 'இட்ஸ்' வந்தால் 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்று விரித்துப் படியுங்கள். பொருந்தினால் மேலே அபாஸ்ட்ரஃபி, இல்லாவிட்டால் வேண்டாம்.

7. கதை எழுதினால் வினைச்சொற்களை மட்டும் வட்டமிட்டு, காலம் மாறுகிறதா என்று பாருங்கள். என் கதை ஒன்றில் இறந்தகாலத்தில் இருந்த பாட்டி, மூன்றாவது பாராவில் நிகழ்காலத்துக்கு வந்து காபி குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். கதையும் அவள் பின்னாலேயே திரும்பி வந்தது!

8. புது இலக்கணப் புத்தகம் வேண்டாம். திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு மாதிரிப் பழைய புத்தகக் கடைகளில் ரென் அண்ட் மார்ட்டின் கிடைக்கும். பயிற்சிகளில் யாரோ பேனாவால் விடை எழுதிவைக்காத பிரதியாகப் பார்த்து எடுங்கள். வில்லியம் ஸ்ட்ரங்க் 1918-இல் எழுதிய 'தி எலிமென்ட்ஸ் ஆஃப் ஸ்டைல்' சின்னப் புத்தகம்தான். அந்தப் பழைய வடிவம் இணையத்தில் இலவசம்.

9. கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். 'ஃப்ரம்' என்பதற்குப் பதில் 'ஃபார்ம்' என்று அடித்தால் அதுவும் சரியான வார்த்தைதானே, பேசாமல் விட்டுவிடலாம்.

10. ஆசிரியர் திருத்திக் கொடுத்ததை மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டுக் குறித்துவையுங்கள். அடுத்த கட்டுரையை அனுப்புமுன் அந்த ஒரு பக்கத்தைப் பார்த்தால் போதும். என் நோட்டில் ஆறு வருடமாக முதல் வரி 'தி'தான்.