வாசலில் நிற்பது அசோக மரமா?

கிட்வாய் நகரில் நம் பெண்மணிகள் நாலு பேர் கூடி மாதவிலக்குத் தொல்லை பற்றிப் பேசினால், "அசோகப் பட்டைக் கஷாயம் குடி" என்று ஒரு மாமியாவது சொல்லுவார். பெரும்பாடு எனப்படும் மிகுந்த உதிரப்போக்குக்குச் சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவரும் மருந்துதான் அது. ஆனால் எந்த மரத்தின் பட்டை?

தில்லியில் சுவரோரம் ஒல்லியாக உயர்ந்து நிற்கும் மரத்தை இந்தியில் 'அசோக்' என்கிறார்கள். அது நம்மூர் நெட்டிலிங்கம். அதன் இலைகள் தனித்தனியாக, நீண்டு, ஓரம் நெளிந்திருக்கும், பூ வெளிர்பச்சை. மருந்துக்குரிய அசோகிலோ ஒரே காம்பில் பல சிற்றிலைகள் இருக்கும்; தளிர் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும்; பூக்கள் ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். கடைப் பட்டையிலும் நெட்டிலிங்கம் கலப்பதுண்டு.

மலைவேம்பிலும் இதே குழப்பம். தமிழ்நாட்டில் கருப்பைக் கோளாறுகளுக்கு மலைவேம்பு இலைச் சாறு கொடுப்பார்கள். தில்லித் தெருக்களில் அதைப்போலவே தோன்றுவது 'பகாயன்' என்ற இனமரம். அதன் பழம் நஞ்சு. எனவே தெருமரத்தில் இலை பறிப்பதோ பட்டை உரிப்பதோ கூடாது. மருந்து வேண்டுமானால், பட்டம் பெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். கர்ப்பிணிகள் தாமாக எதையும் உட்கொள்ளக் கூடாது.

அதற்கும் முன்னால் நோய் எது என்று தெரிய வேண்டும். 'ஹார்மோன் கோளாறு' என்பது ஒரு நோயின் பெயரல்ல. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், சினைப்பையில் நீர்க்கட்டிகள் இருந்தாலும் மாதவிலக்கு தவறும். கருப்பையில் தசைக்கட்டி இருந்தால் உதிரம் மிகும். எல்லாவற்றுக்கும் ஒரே கஷாயம் எப்படிப் பொருந்தும்? இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் காரணத்தைக் காட்டும். உதிரப்போக்கு 7 நாளைத் தாண்டினாலோ, 3 மாதம் விலக்கு வராவிட்டாலோ மருத்துவரைப் பாருங்கள். மாதவிலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் உதிரம் கண்டால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அது புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.

பாட்டி வைத்தியத்தில் கைவிட வேண்டாதவை சமையலறையில் உள்ளன. எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, ஊறவைத்த வெந்தயம் எல்லாம் நல்ல உணவுகள். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுவோர் மட்டும் வெந்தயத்தை அளவோடு கொள்ள வேண்டும். அதுவும் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும். இவற்றை ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலேயே வாங்கிவிடலாம். இவை உடம்புக்கு ஊட்டம் தரும். ஆனால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட இவற்றைச் சாக்காக்க வேண்டாம், சகோதரிகளே!