மூச்சுக்கு ஒரு காவல்

ஒரு கடிகாரத்தை எடுத்துக்கொண்டு, நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அமைதியாக உட்கார்ந்திருந்தால் ஏறத்தாழ 15 முறை வரும். அப்படியானால் ஒரு மணிக்கு 900. ஒரு நாளைக்கு 21,600. சித்தர் நூல்களைக் கற்ற பெரியவர்கள் சொல்லும் கணக்கும் இதுவேதான்.

இத்தனை மூச்சையும் நாம் நினைத்து விடுவதில்லை. உறங்கும்போதும் நம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள உதரவிதானம் என்னும் தசை இறங்கி ஏறிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தசை ஒரு நாள் நின்றுவிட்டால் 21,600 மூச்சையும் யார் விடுவது?

கட்டுவிரியன் கடித்தால்

இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. ஆவுடையார்கோவில் போன்ற கண்மாய்ப் பாசன ஊர்களில் இரவில் தரையில் படுத்துறங்குவோர் பலர். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. அதன் பல் சிறியது. கடித்த வலியே பல சமயம் தெரியாது. விடிவதற்குள் கண்ணிமைகள் தொங்கும். எச்சில் விழுங்க முடியாது. பிறகு மூச்சுத் தசைகள் செயலிழக்கும்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிராக நம் நாட்டில் மருந்து தயாராகிறது. அதற்கான நஞ்சைச் சேகரித்துக் கொடுப்பதில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அம்மருந்து இரத்தத்தில் உள்ள நஞ்சைத்தான் முறிக்கும். கட்டுவிரியன் நஞ்சு ஏற்கெனவே சிதைத்துவிட்ட நரம்பு முனைகளை அது சீராக்காது. அவை தாமாக வளர்ந்து மீளப் பல நாட்கள் ஆகலாம். அதுவரை நோயாளிக்காக வேறொருவர் மூச்சு விட வேண்டும். அதுதான் செயற்கைச் சுவாசம்.

கோபன்ஹேகன் நகரில் நடந்தது

1952இல் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாகப் பரவியது. பிளெக்டாம் மருத்துவமனையில் முதல் மூன்று வாரங்களில் மூச்சுத் தசை செயலிழந்து சேர்ந்தவர்கள் 31 பேர். அவர்களுள் 27 பேர் மூன்று நாட்களுக்குள் இறந்தனர். தலை தவிர உடல் முழுவதையும் அடைத்து வைக்கும் இரும்பு நுரையீரல் அங்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

பியோர்ன் இப்சென் என்ற மயக்க மருந்து மருத்துவர் ஒரு வழி சொன்னார். தொண்டையில் துளையிட்டு மூச்சுக்குழலில் ஒரு குழாயைச் செருகி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தலாம் என்றார். ஆகஸ்டு 27ஆம் நாள் 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு அவ்வாறே செய்தார். அவள் பிழைத்தாள்.

ஆனால் பையை யார் அமுக்குவது? ஒரே சமயத்தில் 70 நோயாளிகளுக்குக்கூட அது தேவைப்பட்டது. மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் வந்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 1,500 பேர். ஒருவர் ஆறு மணி நேரம் அமுக்கினால் 6 × 900 = 5,400 அமுக்குகள். ஒரு நோயாளிக்கு நாளொன்றுக்கு நான்கு மாணவர் வேண்டும். 70 பேருக்கு 280 மாணவர். நூற்றுக்கு 87 ஆக இருந்த இறப்பு, பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்த கதை இது. கருவியால் அன்று, கைகளால் பிறந்தது!

உறிஞ்சுதலும் தள்ளுதலும்

இன்று கையின் வேலையை மின்கருவி செய்கிறது. பிறகு என்ன கவலை என்பீர்கள். இங்கேதான் நம் இயற்பியல் வருகிறது.

பாயில் விதியை நினைவுகூருங்கள். உதரவிதானம் இறங்கும்போது நெஞ்சறையின் கன அளவு கூடுகிறது; உள்ளே அழுத்தம் குறைகிறது; வெளிக்காற்று உள்ளே வருகிறது. இயற்கை மூச்சு உறிஞ்சுதல். கருவியோ காற்றைத் தள்ளுகிறது. நுரையீரலில் உள்ள சுமார் 30 முதல் 50 கோடி காற்றுப் பைகளும் அந்தத் தள்ளலைத் தாங்க வேண்டும்.

எவ்வளவு தள்ளலாம்? அழற்சி கண்ட நுரையீரலைக் கொண்ட 861 பேரிடம் அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு உயரத்தைக்கொண்டு கணக்கிட்ட உடல் எடையில் கிலோவுக்கு 12 மி.லி. காற்று, மற்றப் பிரிவினருக்கு 6 மி.லி. 50 கிலோ ஆளுக்கு முறையே 600 மி.லி., 300 மி.லி. ஆகும். 2000இல் முடிவு வெளியாயிற்று. அதிகக் காற்றுப் பெற்றவர்களில் நூற்றுக்கு 39.8 பேரும், குறைவாகப் பெற்றவர்களில் 31 பேரும் இறந்தனர். அளவுக்கு மிஞ்சி ஊதிய பலூன் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை அல்லவா? நுரையீரலுக்கும் அந்த ஆபத்து உண்டு.

கட்டிலின் கோணம்

இரண்டாவது ஆபத்து நிமோனியா. மூச்சுக்குழலில் செருகிய குழாயைச் சுற்றி ஒரு சிறு பலூன் உண்டு. அது வழியை அடைத்துக்கொள்ளும். ஆனால் முழுமையாக அன்று. விழுங்க முடியாத எச்சிலும், இரைப்பையிலிருந்து மேலேறும் நீரும் கிருமிகளோடு மெல்லக் கசிந்து நுரையீரலுக்குள் இறங்கும். நலமாக இருந்த நுரையீரல் நோயுறும்.

தடுக்க ஓர் எளிய வழி, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவது. இரைப்பை நீர் மேலேறாமல் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். பார்சிலோனாவில் 86 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். 45 பாகை சாய்ந்திருந்த 39 பேரில் 3 பேருக்கும், மட்டமாகப் படுத்திருந்த 47 பேரில் 16 பேருக்கும் நிமோனியா இருப்பதாக ஐயம் ஏற்பட்டது. இது 1999இல் வெளியான முடிவு.

2006இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் இதே 45 பாகையைக் குறியாக வைத்தார்கள். முதல் நாளில் கட்டிலின் சராசரிக் கோணம் 28 பாகை. ஏழாம் நாளில் 23 பாகைதான்! இரு பிரிவுக்கும் நிமோனியாவில் வேறுபாடு காணப்படவில்லை. கோணத்தை ஒரு முறை வைப்பது எளிது. நாள் முழுதும் காப்பது கடினம் என்று இந்த ஆய்வு கற்பித்தது.

வகுத்துப் பாருங்கள்

காப்பவர் யார்? கட்டிலருகே நிற்கும் செவிலியர். கோணத்தைப் பார்க்க வேண்டும். வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். பலூனின் அழுத்தத்தை அளக்க வேண்டும். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்.

கணக்குக்காக, ஒரு நோயாளிக்கு மணிக்கு 20 நிமிட வேலை என்று வைத்துக்கொள்வோம். ஒருவரைக் கவனித்தால் 40 நிமிடம் மிஞ்சும். மூவர் என்றால் ஒன்றும் மிஞ்சாது. நால்வர் என்றால் 80 நிமிட வேலை. 20 நிமிட வேலை விடுபட்டே தீரும். எது விடுபடும்? கருவி அபாய மணி அடித்தால் எவரும் ஓடிச் செல்வர், அது விடுபடாது. சத்தம் போடாத வேலைகளே விடுபடும். வாய் கூவுமா? கட்டில்தான் "சரிந்துவிட்டேன்" என்று சொல்லுமா?

ஜெனீவா மருத்துவமனை ஒன்றில் அன்றாடம் எத்தனை நோயாளிக்கு எத்தனை செவிலியர் என்று குறித்துவந்து ஆராய்ந்தார்கள். செவிலியர் கூடுதலாக இருந்த நாட்களை அடுத்து, காலம் தாழ்த்தித் தோன்றும் நிமோனியா குறைவாக இருந்ததை 2007இல் வெளியிட்டார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். பார்சிலோனாவில் நடந்தது குலுக்கல் ஆய்வு. ஜெனீவாவில் நடந்தது பார்த்துக் குறித்த ஆய்வு. அதில் வேறு காரணங்களும் கலந்திருக்கக் கூடும். "உனக்குச் செவிலியர் உண்டு, உனக்கு இல்லை" என்று நோயாளிகளைக் குலுக்கிப் பிரிக்க முடியுமா? அறம் ஒப்பாது. ஆகவே ஒரே ஆய்வை நம்பாமல், பல சான்றுகளை அடுக்கித்தான் முடிவுக்கு வர வேண்டும்.

அத்தகைய சான்று ஒன்று 2013இல் பிரான்சிலிருந்து வந்தது. நுரையீரல் கடுமையாகக் கெட்ட 466 பேரில் ஒரு பிரிவினரை நாள்தோறும் நெடுநேரம் குப்புறப் படுக்கவைத்தார்கள். 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 16; மல்லாந்து படுத்த பிரிவில் 32.8. புதிய மருந்து ஏதும் இல்லை. ஆனால் குழாய்கள் பிடுங்கிக்கொள்ளாமல் ஒருவரைப் புரட்ட நான்கைந்து பேர் வேண்டும். கோவிட் காலத்தில் உலகெங்கும் இம்முறை கைகொடுத்தது.

செயற்கைச் சுவாசத்தில் உள்ள ஒருவருக்கு ஒவ்வொரு முறைப்பணியிலும் ஒரு செவிலியர் என்பதே இந்தியச் செவிலியர் மன்றத்தின் நெறி. 10 கட்டில்களுக்கு மூன்று முறைப்பணிகளில் 30 பேர். விடுப்பில் செல்வோருக்கு ஈடாக இன்னும் சிலர். கட்டில்களையும் கருவிகளையும் வாங்கி நிறுத்திவிட்டு இந்தக் கணக்கை மறந்தால், பாதி வேலைதான் செய்திருக்கிறோம்.

புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆவுடையார்கோவிலிலிருந்து பாம்புக்கடியோடு ஒருவர் அறந்தாங்கி வழியாக அங்கே போய்ச் சேர்ந்து, கருவி அவருக்கு மூச்சுக் கொடுக்கும்போது, அந்த 21,600 மூச்சுக்கும் ஒரு மனிதர் காவல் இருக்க வேண்டும். உங்களில் சிலர் நாளை அந்தக் காவலராகலாம்.

செய்து பாருங்கள்

1. கோணமானியும் நூலில் கட்டிய சிறு கல்லும் கொண்டு ஒரு கோணம் அளக்கும் கருவி செய்யுங்கள். சாய்வு நாற்காலி ஒன்றின் சாய்வு எத்தனை பாகை?

2. 12 கட்டில்கள் கொண்ட பிரிவில் மேற்கண்ட நெறிப்படி நாளொன்றுக்கு எத்தனை செவிலியர் வேண்டும்?

3. உங்கள் வீட்டில் தரையில் படுப்பவர் யார்? கட்டிலோ, நன்கு செருகிய கொசுவலையோ கட்டுவிரியனிடமிருந்து எவ்வாறு காக்கும் என்று அவரிடம் சொல்லுங்கள்.