இரும்பைப் பசையால் ஒட்டலாமா?

இடம்பெயர்ந்து வந்து கினிகத்தேனைப் பகுதியில் மீண்டும் வீடு கட்டும் குடும்பங்கள் நம்மிடம் கேட்பது இது: "வெல்டிங் செய்யக் காசில்லை, மின்சாரமும் இன்னும் வரவில்லை. கடையில் விற்கும் இரட்டைக் குழாய்ப் பசையால் கூரைச் சட்டத்தையும் தண்ணீர்த் தாங்கியின் கால்களையும் ஒட்டினால் என்ன?" நியாயமான கேள்விதான். சேர்ந்தே ஆராய்வோம்.

பசையின் பலம்

எபொக்சி எனப்படும் இப்பசையில் ஒரு குழாயில் பிசின், மற்றதில் அதை இறுகச் செய்யும் பொருள். சரியான அளவில் கலந்தால் கல்லாக இறுகும். போல்ட் தன் ஓட்டையைச் சுற்றியே சுமையைத் தாங்கும்; பசையோ ஒட்டிய பரப்பு முழுவதற்கும் அதைப் பகிர்ந்துவிடும். 1950களின் நடுப்பகுதியில் ஜெர்மனியின் மார்ல் நகருக்கருகே கட்டிய உருக்குப் பாலத்தின் மூட்டுகளில் பசை பூசினார்கள். ஆனால் போல்டை விட்டுவிடவில்லை.

பசை கைவிடும் இடங்கள்

1. துரு, எண்ணெய், ஈரம்: துருவின்மேல் பூசினால் பசை துருவைத்தான் பிடிக்கும், இரும்பை அல்ல. நமது மழைநாட்டில் இதுவே முதற் பகை.

2. உரித்தல்: நேராக இழுத்தால் தாங்கும். காற்று தகரத்தின் ஓரத்தைத் தூக்கினால் வாழைப்பட்டைபோல உரிந்துவிடும்.

3. சூடு: சாதாரண எபொக்சி 50, 60 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். வெயிலில் தகரம் அந்தச் சூட்டை எட்டும்.

4. ஓயாத சுமை: அமெரிக்காவின் பொஸ்டன் நகரச் சுரங்கப்பாதை ஒன்றில், கூரைப் பலகைகளைத் தாங்கிய உருக்கு ஆணிகளைக் கொங்கிறீற்றுக்குள் எபொக்சியால் பதித்திருந்தார்கள். 2006 யூலை 10 அன்று பல தொன் எடையுள்ள பலகைகள் காரொன்றின்மேல் விழுந்து ஒரு பெண் இறந்தார். விரைவில் இறுகும் அந்தப் பசை, ஓயாத சுமையில் சிறிது சிறிதாக நெகிழ்ந்ததே காரணமென்று விசாரணை கண்டது.

நாம் செய்யக்கூடியது

உயிர் தங்கியிருக்கும் மூட்டைப் பசையிடம் மட்டும் ஒப்படைக்க வேண்டாம். கூரைச் சட்டத்துக்கும் தாங்கியின் கால்களுக்கும் போல்டும் நட்டும் போடுவோம். கையால் சுற்றும் துளைக்கருவி போதும், மின்சாரம் வேண்டாம். நாலு குடும்பம் சேர்ந்து ஒன்று வாங்கலாம். பசையைப் பீலி ஒழுக்கு, தகரத்தின் சிறு ஓட்டை போன்றவற்றுக்கு வைத்துக்கொள்வோம். அங்கும் கம்பித் தூரிகையால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, துடைத்து, உலரவிட்டே பூச வேண்டும்.

கலந்துரையாடுவோம்

1. நம் வீட்டில் எந்த மூட்டு விட்டுப்போனால் ஆள் தலையில் விழும்?

2. அது இப்போது எதனால் பிடித்திருக்கிறது?